நீரைத் தேக்கினால் நிலம் நடுங்குமா?

2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாள் காலை, ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் வட்டாரத்தில் நிலம் நடுங்கியது. அதன் அளவு 4.1 எனப் பதிவாயிற்று. நிலநடுக்கம் என்பது சுமத்திராவுக்கும் ஜப்பானுக்கும் உரியது, நமக்கு உரியதன்று என்று எண்ணியிருந்த பலர், அன்று தம் வீட்டுச் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தபோது திகைத்து நின்றனர்.

அதன் பின்னர்த் தோட்டமொன்றில் விளக்கவுரை ஆற்றச் சென்றிருந்தேன். உரை முடிந்ததும் பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். நாற்பது ஆண்டுகள் பால் மரம் சீவியவர் அவர். “ஐயா, அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினால் பூமி ஆடும் என்று என் பேரன் கைப்பேசியில் படித்துக் காட்டினான். மலையையும் பாறையையும் அசைத்து வைக்கத் தண்ணீருக்கு அவ்வளவு வலிமை உண்டா?” என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் நகைத்தனர். அவர் சற்றே நாணி அமர்ந்துவிட்டார்.

பெரியவர் கேட்டது நகைப்பதற்குரிய கேள்வி அன்று. அறிவியலறிஞர்கள் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வரும் கேள்வி அது. அன்று நேரமின்மையால் அவருக்குச் சுருக்கமாகவே விடையளித்தேன். முழு விடையை இக்கட்டுரையின் வாயிலாக அவருக்கும், அதே ஐயம் உடைய மற்ற வாசக அன்பர்களுக்கும் கூற விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். சிகாமட் நடுக்கத்திற்கு அணைக்கட்டு காரணமன்று. நிலத்தின் அடியில் உள்ள மிகப் பழைய பிளவுகள் மீண்டும் அசைந்ததே அதற்குக் காரணம் என்பது அறிஞர்களின் கருத்து. ஆயினும், பேரன் படித்துக் காட்டிய செய்தி பொய்யன்று. பெரிய நீர்த்தேக்கங்களை நிரப்பியபோது நிலம் நடுங்கிய இடங்கள் உலகில் பல உண்டு. அவற்றுள் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அதற்கு வருமுன், இந்தியாவில் நிகழ்ந்த ஒன்றைக் காண்போம்.

கொய்னாவில் நிகழ்ந்தது

இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி ஓடுவது கொய்னா ஆறு. அது கிருஷ்ணா நதியின் துணையாறு. மின்சாரம் பெறுவதற்காக அவ்வாற்றின் குறுக்கே 103 மீட்டர் உயரமுள்ள அணை ஒன்று எழுப்பப்பட்டது. 1962ஆம் ஆண்டில் நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது. அணையின் அருகே கொய்னாநகர் என்னும் குடியிருப்பு வளர்ந்தது.

அந்த வட்டாரம் நிலநடுக்க அபாயம் மிகக் குறைந்தது என்று அந்நாள்வரை கருதப்பட்டிருந்தது. தென்னிந்தியத் தீபகற்பம் பழமையான உறுதிமிக்க பாறைகளால் ஆனது; ஆகவே அங்கு அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்பதே பொதுவான எண்ணம். ஆனால், நீர் தேங்கத் தொடங்கிய சிறிது காலத்திற்குள் அணையைச் சுற்றி வாழ்ந்த மக்கள் சிறு சிறு அதிர்வுகளை உணரலாயினர். பாறைக்கு வெடி வைத்தாற்போன்ற ஓசையும் உடன் கேட்டது. அதிகாரிகள் அதனைப் புறக்கணித்துவிடவில்லை. நடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவிகளை அங்கு நிறுவினர். பெரும்பாலான அதிர்வுகள் நீர்த்தேக்கத்தை ஒட்டியே தோன்றுகின்றன என்பதைக் கருவிகள் காட்டின.

ஐந்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1967ஆம் ஆண்டு செப்டம்பரில் சற்றுப் பெரிய நடுக்கம் ஒன்று ஏற்பட்டது. அவ்வாண்டு நீர்மட்டம் பல வாரங்கள் உயர்ந்தே நின்றது. டிசம்பர் 11ஆம் நாள், விடியற்காலை நாலரை மணிக்குச் சற்று முன்பு, மக்கள் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், 6.3 அளவுள்ள பெரும் நடுக்கம் கொய்னாநகரை உலுக்கியது. ஏறத்தாழ 180 பேர் உயிரிழந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். கொய்னாநகரின் வீடுகளில் பெரும்பாலானவை இடிந்தோ சிதைந்தோ போயின. இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பம்பாய் மாநகரிலும் நடுக்கம் உணரப்பட்டது. கொய்னா மின் நிலையம் நின்றதால் அம்மாநகரத்தின் தொழிற்சாலைகளும் ஓய்ந்தன.

அணை உடையவில்லை. அதன் மேற்பகுதியில், சுவரின் சரிவு மாறும் இடத்தில், கிடைவாக்கில் வெடிப்புகள் தோன்றின. பின்னர் அவை செப்பனிடப்பட்டு, அணைக்குப் பின்புறம் கான்கிரீட்டினால் வலுவூட்டப்பட்டது. அந்த அணை இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

அணை நின்றது, வீடுகள் விழுந்தன. வாசகர்கள் இதனை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் இதற்கு வருவோம்.

இத்துணை வலிமை எங்கிருந்து வந்தது?

கொய்னா நீர்த்தேக்கம் முழுமையாக நிரம்பினால் ஏறத்தாழ 280 கோடி கன மீட்டர் நீர் கொள்ளும். ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். ஆகவே 280 கோடி டன் எடை அந்தப் பள்ளத்தாக்கின்மேல் புதிதாக ஏற்றப்பட்டது. இதைக் கேட்டவுடன், இவ்வளவு எடை நிலத்தை அழுத்தினால் அது நடுங்காமல் என்ன செய்யும் என்று தோன்றும். ஆனால் கணக்கு வேறு விதமாக இருக்கிறது.

நீரின் ஆழம் 100 மீட்டர் என்றால், அடியிலுள்ள ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்தின்மீதும் 100 டன் எடை அமர்கிறது. நடுக்கம் தோன்றும் இடமோ நிலத்திற்குக் கீழே சில கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர மீட்டரும் தனக்கு மேலுள்ள பாறையின் எடையாக ஏறத்தாழ 13,500 டன்னைச் சுமந்துகொண்டிருக்கிறது. அதனோடு ஒப்பிட்டால் நீர் சேர்த்த சுமை நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நெல் மூட்டையைச் சுமப்பவன் தலையில் ஒரு பிடி நெல்லைக் கூடுதலாக வைத்தது போன்றதே அது.

அவ்வாறாயின், ஊரையே இடித்த அந்த ஆற்றல் நீரினுடையது அன்று. அது ஏற்கெனவே நிலத்தினுள் இருந்தது. பூமியின் மேலோடு பெரும் தட்டுகளாகப் பிளவுபட்டு, மிக மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்தியத் தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருப்பதால்தான் இமயமலை எழுந்தது. அந்த முட்டலினால் உண்டாகும் இறுக்கம் இமயத்தோடு நின்றுவிடுவதில்லை. தட்டின் உட்பகுதியிலும் அது பரவிக் கிடக்கிறது. அங்குள்ள பழைய பிளவுகளின் இரு பக்கத்துப் பாறைகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஆனால் நழுவ முடியாமல், பல்லாயிரம் ஆண்டுகளாக இறுகிக் கிடக்கலாம். அவற்றை நழுவவிடாமல் பிடித்து வைத்திருப்பது உராய்வு. அந்தப் பிடி தளர்ந்தால் பாறைகள் திடீரென நழுவும். அதுவே நிலநடுக்கம்.

வில்லை வளைத்து அம்பு தொடுத்து வைத்தது இயற்கை. நாணைப் பிடித்திருந்த விரலை நெகிழ்த்தியது மட்டுமே நீரின் செயல்.

மேட்டுக்கரை கற்பிக்கும் பாடம்

நீர் அந்தப் பிடியை எவ்வாறு நெகிழ்த்துகிறது? இதனைத் தோட்டப்புற மக்களுக்கு விளக்குவது எளிது. ஏனெனில் அவர்கள் இதனை ஆண்டுதோறும் கண்ணால் காண்கிறார்கள்.

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், பள்ளிக்குப் பின்னே ஒரு மேட்டுக்கரை இருந்தது. வெயில் காலம் முழுவதும் அது சுவரைப்போல் உறுதியாக நிற்கும். பிள்ளைகள் அதன்மேல் ஏறிக் குதிப்பார்கள். ஒரு கட்டி மண்கூட உதிராது. ஓர் ஆண்டின் இறுதியில் அடைமழை பல நாள் விடாது பெய்தது. மழை நின்ற மறுநாள், யாரும் ஏறாத வேளையில், கரை தானாகச் சரிந்து வகுப்பறையின் பின்சுவர்வரை வந்து நின்றது. நல்ல வேளையாக அன்று விடுமுறை. “நேற்று அவ்வளவு மழை பெய்தபோது விழாத கரை, மழை விட்ட பிறகு ஏன் சார் விழுந்தது?” என்று ஒரு மாணவன் கேட்டான். மிக நல்ல கேள்வி அது.

மண் துகள்களுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. மழைநீர் மெல்ல மெல்ல இறங்கி அவ்விடைவெளிகளை நிரப்புகிறது. நிரம்பிய நீருக்கு அழுத்தம் உண்டு. அந்த அழுத்தம் துகள்களை ஒன்றைவிட்டு ஒன்று விலகுமாறு தள்ளுகிறது. துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருந்த பிடி குறைகிறது. கரையின் எடை பழையபடியே கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது; தாங்கிய பிடி மட்டும் தளர்ந்துவிட்டது. ஆகவே கரை சரிகிறது. நீர் உள்ளே இறங்கி அழுத்தம் ஏறுவதற்குக் காலம் தேவை. மழை நின்ற பின்னரும் கரை விழுவது அதனால்தான்.

நீர்த்தேக்கத்தின் அடியில் நிகழ்வதும் இத்தகையதே. தேங்கிய நீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்திற்கு இறங்குகிறது. நீர் நேரடியாகச் சென்று சேராத ஆழத்திலும், வெடிப்புகளில் முன்பே இருந்த நீரின் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் பிளவின் இரு பக்கங்களையும் அகலத் தள்ளுவதால் உராய்வு குறைகிறது. நழுவும் நிலைக்கு மிக அருகில் இருந்த பிளவு நழுவிவிடுகிறது. எண்ணெய் வார்த்ததுபோல் வழுக்கிவிடுகிறது என்று சிலர் கூறுவதுண்டு. அது சரியன்று. வழுவழுப்பினால் அன்று, அழுத்தத்தினாலேயே பிடி தளர்கிறது.

சில நீர்த்தேக்கங்களில் நீர் ஏற ஏற உடனே நடுக்கம் தோன்றுவதும், வேறு சிலவற்றில் பல ஆண்டுகள் கழித்துத் தோன்றுவதும் இதனால் விளங்கும். எகிப்தின் அஸ்வான் உயரணையில் 1964ஆம் ஆண்டில் நீர் தேங்கத் தொடங்கியது. அங்குக் குறிப்பிடத்தக்க நடுக்கம் ஏற்பட்டதோ 1981ஆம் ஆண்டு நவம்பரில்.

ஐயம் தீர்ந்த வரலாறு

நீருக்கும் நடுக்கத்திற்கும் உள்ள தொடர்பு முதன்முதலாகக் கவனத்திற்கு வந்தது அமெரிக்காவில். கொலராடோ ஆற்றின் ஹூவர் அணையினால் உருவான மீட் ஏரி 1935ஆம் ஆண்டில் நிரம்பத் தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே அங்கு அதிர்வுகள் உணரப்பட்டன. அவற்றை ஆராய்ந்த கார்டர் என்னும் அறிஞர் 1945ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார்.

எனினும், தற்செயலாக இருக்கக் கூடாதா என்ற ஐயம் பலருக்கு நீடித்தது. அதனைத் தீர்க்க எதிர்பாராத இடத்திலிருந்து சான்று கிடைத்தது. டென்வர் நகரின் அருகே அமெரிக்க இராணுவத்தின் இரசாயனத் தொழிற்சாலை ஒன்று, தன் கழிவுநீரை அகற்றுவதற்காக மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குக் கிணறு தோண்டி, 1962ஆம் ஆண்டு முதல் அதனுள் நீரைச் செலுத்தி வந்தது. அதுவரை அமைதியாக இருந்த அந்நகரம் அடிக்கடி நடுங்கத் தொடங்கியது. செலுத்தும் நீரின் அளவு கூடியபோது நடுக்கங்களின் எண்ணிக்கையும் கூடியது. 1966ஆம் ஆண்டில் கிணறு மூடப்பட்டது. ஆயினும், உள்ளே சென்ற நீரின் அழுத்தம் தொடர்ந்து பரவியதால், அவ்வரிசையின் மிகப் பெரிய நடுக்கங்கள் அதற்கு அடுத்த ஆண்டிலேயே ஏற்பட்டன. மழை விட்ட பின் மேட்டுக்கரை சரிந்ததை இங்கு நினைவுகூர்க.

பின்னர், 1969 முதல் 1973 வரை, அதே கொலராடோ மாநிலத்தின் ரேஞ்சிலி எண்ணெய் வயலில் அறிஞர்கள் திட்டமிட்டே ஒரு சோதனை நடத்தினர். நிலத்தினுள் நீரின் அழுத்தத்தை உயர்த்தினர். சிறு நடுக்கங்கள் பெருகின. அழுத்தத்தை ஒரு குறிப்பிட்ட அளவிற்குக் கீழே இறக்கினர்; நடுக்கங்கள் ஓய்ந்தன. இதன்பின் ஐயத்திற்கு இடமில்லாது போயிற்று.

எல்லா அணைகளும் ஆபத்தானவையா?

இல்லை. உலகில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய அணைகள் உள்ளன. நீர்த்தேக்கத்தால் நடுக்கம் நேர்ந்ததாக அறியப்பட்ட இடங்களோ நூற்றுச் சில மட்டுமே. அவற்றிலும் பெரும்பாலானவை கருவிகள் மட்டுமே உணரத்தக்க சிறு அதிர்வுகள். 6 என்னும் அளவைத் தாண்டியவை என்று பொதுவாக ஏற்கப்பட்டவை நான்கே: 1962இல் சீனாவின் சின்ஃபெங்ஜியாங், 1963இல் ஆப்பிரிக்காவின் கரிபா, 1966இல் கிரேக்கத்தின் கிரெமாஸ்டா, 1967இல் கொய்னா. 2008ஆம் ஆண்டில் சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் பல்லாயிரம் உயிர்களைப் பறித்த பெரும் நிலநடுக்கத்தில், அருகிலிருந்த சிப்பிங்பு நீர்த்தேக்கத்திற்குப் பங்கு உண்டா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை.

நழுவும் நிலையில் ஒரு பிளவு நிலத்தடியில் காத்திருக்க வேண்டும்; நீர் அதனை எட்டுவதற்கு வழி இருக்க வேண்டும். இவ்விரண்டும் பொருந்தினால்தான் நடுக்கம் நேரும். நீரின் ஆழமும், அது ஏறும் வேகமும், உயர்ந்த மட்டத்தில் எவ்வளவு காலம் நிற்கிறது என்பதும் அடுத்து வருவன. கொய்னாவைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஹர்ஷ் குப்தா என்னும் இந்திய அறிஞர், அங்கு 5க்கு மேற்பட்ட நடுக்கங்கள், நீர்மட்டம் வாரத்திற்கு 12 மீட்டருக்கு மேல் விரைந்து ஏறிய காலங்களை ஒட்டியே நிகழ்ந்தன என்று கண்டறிந்தார். அவ்வாறு ஏறிய ஒவ்வொரு முறையும் பெரிய நடுக்கம் வரவில்லை என்பதையும் அவர் எடுத்துரைத்தார். ஆயினும், நீரை மெதுவாக ஏற்றுவது நல்லது என்னும் பாடம் இதிலிருந்து கிடைக்கிறது.

காலத்தே கவனித்தால் காக்கலாம் என்பதற்குச் சின்ஃபெங்ஜியாங் அணை சான்று. 1959இல் நீர் தேங்கத் தொடங்கியதும் அங்கும் சிறு அதிர்வுகள் தோன்றின. பொறியாளர்கள் காத்திருக்கவில்லை. பெரிய நடுக்கம் வரக்கூடும் எனக் கருதி அணையை உடனே வலுப்படுத்தத் தொடங்கினர். 1962 மார்ச்சு 19ஆம் நாள் 6.1 அளவுள்ள நடுக்கம் வந்தது. அணையின் மேற்பகுதியில் வெடிப்பு உண்டாயிற்று. அணையோ உறுதியாக நின்றது. சிறு அதிர்வுகளை அவர்கள் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டதன் பயன் அது.

நம் நாட்டில் கென்யிர்

இனி, நம் நாட்டிற்கு வருவோம். திரங்கானு மாநிலத்தின் காட்டு மலைகளுக்கு இடையே அமைந்துள்ள கென்யிர் ஏரியைச் சுற்றுலா சென்று கண்ட வாசகர் பலர் இருப்பர். தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய செயற்கை ஏரி அது. 155 மீட்டர் உயரமுள்ள கென்யிர் அணை 1985ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. 400 மெகாவாட் மின்னாற்றலைத் தருவதோடு, மழைக்காலத்தில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வெள்ளத்தைக் குறைக்கவும் அது உதவுகிறது.

1984க்கும் 1987க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், அதாவது நீர்த்தேக்கம் உருவான அதே காலத்தில், அவ்வட்டாரத்தில் பல சிறு நடுக்கங்கள் பதிவாயின. அவற்றுள் பெரியதன் அளவு 4.6. அதற்கு முன் அமைதியாக இருந்த பகுதியில், நீர் தேங்கிய காலத்தோடு ஒத்து இவை நேர்ந்தமையால், நீர்த்தேக்கத்தால் தூண்டப்பட்டவை என்றே அறிஞர்கள் இவற்றைக் கருதுகின்றனர்.

4.6 என்பதும் 6.3 என்பதும் கேட்பதற்கு அருகருகே உள்ள எண்கள் போலத் தோன்றும். ஆனால், இவ்வளவுகோலில் ஓர் எண் உயர்ந்தால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகிறது. ஆகவே கென்யிரின் மிகப் பெரிய நடுக்கத்தைவிடக் கொய்னாவில் வெளிப்பட்ட ஆற்றல் 350 மடங்கு பெரிது. கென்யிரைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும், நம் தீபகற்பத்தின் பழமையான பாறைகளிலும் உறங்கும் பிளவுகள் உண்டு என்பதை அது உணர்த்தியது. 2007 முதல் 2009 வரை பகாங் மாநிலத்தின் புக்கிட் திங்கி வட்டாரத்தில் ஏற்பட்ட சிறு நடுக்கங்களும், அண்மையில் சிகாமட்டில் நேர்ந்ததும், மனிதர் தூண்டாமலேயே அதனை மெய்ப்பித்தன.

பிற செயல்கள்

அணை ஒன்றே இவ்வாறு செய்வதன்று. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், எண்ணெயோடு வெளிவரும் உப்புநீரை மீண்டும் ஆழத்தில் செலுத்தியதால், 2009க்குப் பின் நடுக்கங்கள் பன்மடங்கு பெருகின. 2016 செப்டம்பரில் 5.8 அளவுள்ள நடுக்கம் அங்கு ஏற்பட்டது. செலுத்தும் அளவை அரசு கட்டுப்படுத்தியதும் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. நெதர்லாந்தின் குரோனிங்கன் பகுதியிலோ, எதையும் உள்ளே செலுத்தியதால் அன்று, எரிவாயுவை வெளியே எடுத்ததால் நிலம் அதிர்ந்தது. 2012இல் 3.6 அளவே கொண்ட நடுக்கம், ஆழம் குறைந்த இடத்தில் தோன்றியதால், செங்கல் வீடுகள் பலவற்றில் வெடிப்புகளை உண்டாக்கியது. மக்களின் முறையீடுகள் தொடர்ந்தன. படிப்படியாக உற்பத்தி குறைக்கப்பட்டு, 2023 அக்டோபரில் நிறுத்தப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. இயற்கையாக வரும் நிலநடுக்கத்தைத் தடுக்க மனிதனால் இயலாது. தன் செயலால் தூண்டப்படும் நடுக்கத்தை, தன் செயலைத் திருத்திக்கொள்வதால் அவன் குறைக்க முடியும்.

அணை நின்றது, வீடுகள் விழுந்தன

கொய்னாவில் உயிர் இழந்தவர்களை வெள்ளம் கொண்டு போகவில்லை. அவர்கள் உறங்கிய வீடுகளே அவர்கள்மேல் விழுந்தன. அணையைக் கட்டியபோது பொறியாளர்கள் கணக்கிட்டுக் கட்டினர். வீடுகளோ, கல்லையும் மண்ணையும் அடுக்கி, நடுக்கம் வரும் என்ற நினைவே இன்றி எழுப்பப்பட்டவை. பெரிய கட்டடத்திற்குக் கொடுத்த கவனத்தில் ஒரு பங்கேனும் எளிய மக்களின் குடியிருப்புக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், பலர் பிழைத்திருப்பர்.

ஆகவே, பெரிய அணை ஒன்று எழும் இடத்தில் மூன்று கடமைகள் உள்ளன. நீரைத் தேக்கும் முன்பே நடுக்கக் கருவிகளை நிறுவி, அந்நிலத்தின் இயல்பை அறிந்துகொள்வது முதற் கடமை. நீரை நிதானமாக ஏற்றி, சிறு அதிர்வுகளை நாள்தோறும் கணக்கில் எடுத்து, தேவையானால் நீர்மட்டத்தைச் சீர்செய்வது இரண்டாவது. சுற்றிலும் வாழ்கின்ற மக்களின் வீடுகளை உறுதியாக அமைப்பதும், அவர்களுக்கு உண்மையை எடுத்துரைப்பதும் மூன்றாவது. முதலிரண்டும் அறிஞர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உரியவை. மூன்றாவதில் நமக்கும் பங்குண்டு.

பழைய லயங்களில் வாழ்வோராயினும், தாமான் வீடுகளில் குடியேறியோராயினும், சில எளிய செயல்களை இன்றே மேற்கொள்ளலாம். அலமாரியைச் சுவரோடு பிணைத்து வையுங்கள். படுக்கைக்கு மேலே கனமான படங்களையும் பெட்டிகளையும் வைக்காதீர்கள். சுவரில் புதிய வெடிப்பு தோன்றினால் தோட்ட நிருவாகத்திற்கோ ஊராட்சி மன்றத்திற்கோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். நிலம் ஆடத் தொடங்கினால் உறுதியான மேசையின் அடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சன்னலை விட்டு விலகுங்கள். ஆட்டம் நிற்கும்வரை படிக்கட்டை நோக்கி ஓடாதீர்கள். வெளியில் இருந்தால் மின்கம்பங்களையும் மேட்டுக்கரையையும் விட்டு அகன்று நில்லுங்கள். ஆட்டம் நின்றதும் எரிவாயுக் கலனை மூடுங்கள். பின்னர், வானிலை ஆய்வு இலாகாவின் அறிவிப்பைக் கேளுங்கள். கைப்பேசியில் வரும் ஒவ்வொரு செய்தியையும் உண்மையென்று நம்பி அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி கேட்ட பெரியவருக்கு என் விடை இதுதான்: ஐயா, மலையை அசைக்கும் வலிமை தண்ணீருக்கு இல்லை. ஆனால், அசைவதற்குக் காத்திருக்கும் பாறையின் பிடியைத் தளர்த்தும் வலிமை அதற்கு உண்டு. மழைக்காலத்து மேட்டுக்கரையைப் பார்த்து வளர்ந்த தங்களுக்கு இது விளங்கும். தங்கள் பேரன் படித்துக் காட்டியது உண்மையே. அடுத்த முறை அவன் எதையேனும் படித்துக் காட்டும்போது, அன்று கூட்டத்தில் கேட்டதுபோலவே அவனிடமும் ஏன், எப்படி என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடுவதே அவனுக்கு நல்ல படிப்பாகும்.